மானின் மோப்பத்திலிருந்து மனித வாடையை ஓசோன் மறைக்குமா? மரப்பரண் இயந்திரங்களுக்குப் பின்னால் உள்ள வேதியியல்

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், மனித வாடையை ஓசோனால் அழித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் சிறு பேட்டரி இயந்திரங்களைப் பற்றிய விவாதமும் சூடுபிடிக்கிறது. சில நூறு டாலர் விலையுள்ள இந்த இயந்திரத்தை மரப்பரணில் தலைக்கு மேலே மாட்டி, காற்று போகும் பக்கமாக அதன் வாயைத் திருப்பி வைத்துவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து நெருங்கும் மான் மனிதரை மோப்பம் பிடிக்காது என்பது விற்பவர்கள் தரும் வாக்குறுதி. நீண்ட அனுபவமுள்ள வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் இதை உறுதியாக நம்புகிறார்கள். இன்னொரு சாரார் வீண் செலவு என்கிறார்கள். இரு தரப்பாரும் தாங்கள் கண்ட மான்களை வைத்தே வாதிடுகிறார்கள். காற்றில் நடக்கும் வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்ற கேள்வி அந்த வாதத்தில் அரிதாகவே எழுகிறது. ஆனால் இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி அதுதான்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதால், அமெரிக்காவில் உள்ள நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வெண்வால் மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. கிழக்கு மாநிலங்களின் பெரும்பகுதியில் ஓநாயும் பூமாவும் ஒழிக்கப்பட்டுவிட்டதால், மான்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மை வழியாக உரிமம் பெற்ற வேட்டையே இருக்கிறது. மாநில வனவிலங்குத் துறைகள் பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றை வகுக்கின்றன.

## வாடை ஏன் இவ்வளவு பெரிய கவலை

துப்பாக்கியால் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் சுடலாம். வில்லுக்கு அது இயலாது. பெரும்பாலான வில் வேட்டைக்காரர்கள் 20 அல்லது 30 மீட்டருக்குள் மான் வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தத் தொலைவில் மான் கடைசி நொடியில் மிரண்டு துள்ளினால், நெஞ்சுக் கூட்டைக் குறிவைத்த அம்பு வயிற்றிலோ தொடையிலோ பாயும். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி மறைந்து நீண்ட நேரம் துன்பப்பட்டுச் சாகும். எனவே வாடையை மறைப்பது வெறும் வெற்றி தோல்விக் கணக்கு அன்று. விலங்கின் வேதனையோடும் நேரடியாகத் தொடர்புடைய விஷயம் அது.

மான் மோப்பம் பிடிக்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்தால் சிக்கலின் கடுமை புரியும். சந்தேகம் எழுந்ததும் பெண் மான் தலையை உயர்த்தி, நாக்கால் மூக்கு நுனியை நக்கி ஈரமாக்கிக்கொள்கிறது. ஈரப்பரப்பில் வாடை மூலக்கூறுகள் எளிதில் படிகின்றன. தலையை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறது. முன்னங்காலை உயர்த்தித் தரையில் ஓங்கி மிதிக்கிறது. உறுதியாகிவிட்டால் மூக்கால் பலமாகச் சீறி, வெண்வாலைத் தூக்கிக் கொண்டு பாய்கிறது. சுற்றிலும் உள்ள மற்ற மான்களுக்கும் அதுவே எச்சரிக்கை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காற்றில் வாடை சீரான மேகமாகப் பரவுவதில்லை. கொந்தளிப்பில் கிழிந்து, இடையிடையே தூய காற்றுள்ள மெல்லிய இழைகளாகப் போகிறது. மானின் மூக்கில் படுவது அந்த இழைகளில் ஒன்றுதான். அதன் அடர்த்தி சராசரியைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். ஆகவே சராசரி வாடையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்பதாலேயே மான் பாதி தடவைதான் கண்டுபிடிக்கும் என்று கொள்ள முடியாது.

## ஓசோன் என்ன செய்கிறது

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. மூன்றாவது அணு நிலையாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எதிர்ப்படும் வேறொரு பொருளோடு சேர்ந்து அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடத் துடிக்கிறது. 1840-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் இதைத் தனிப்பொருளாக அடையாளம் கண்டு பெயரிட்டார். இடி மின்னலுக்குப் பிறகும், பழைய ஜெராக்ஸ் இயந்திரம் நெடுநேரம் ஓடிய கடையிலும் மூக்கில் ஏறும் அந்தக் கூரிய நெடி ஓசோனுடையது.

வேட்டை இயந்திரம் ஓசோனைச் சேமித்து வைத்திருப்பதில்லை. உள்ளே இருக்கும் தகட்டில் உயர் மின்னழுத்தம் மெல்லிய மின்னிறக்கத்தை உண்டாக்குகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்க, தனித்த அணுக்கள் மற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து ஓசோன் ஆகின்றன. ஒரு சிறு மின்விசிறி அதை வெளியே தள்ளுகிறது. வீட்டிலும் விடுதியிலும் காரிலும் நாற்றம் போக்க விற்கப்படும் இயந்திரங்கள் பலவும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

ஓசோன் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை என்பது அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. கரிம மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஓசோன் அங்கே புகுந்து மூலக்கூறை இரண்டாகப் பிளக்கும். இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற மூலக்கூறுகளை, சாதாரண வெப்பநிலையில், அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

## மனித வாடையில் எவை ஓசோனுக்கு இலக்காகும்

மனித வாடை என்பது ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. ஓசோனின் பார்வையில் அவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. எளிதில் தாக்கப்படுபவை. தோலின் எண்ணெய்ப் பசையில் உள்ள ஸ்குவாலீன், நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆகியவை. ஸ்குவாலீனில் மட்டும் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன.
2. மெதுவாகத் தாக்கப்படுபவை. மூச்சில் வரும் ஹைட்ரோகார்பன்களில் முதன்மையான ஐசோப்ரீன் இதற்கு உதாரணம். இரட்டைப் பிணைப்பு இருந்தும் வினை மிகவும் நிதானம்.
3. ஏறக்குறைய தாக்கப்படாதவை. மூச்சிலுள்ள அசிட்டோனும் எத்தனாலும், வியர்வையைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் வரும் அசிட்டிக் அமிலம், ஐசோவலெரிக் அமிலம் முதலியவை, அம்மோனியா. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற எளிய கந்தகச் சேர்மங்களும் காற்றில் ஓசோனோடு மிக மெதுவாகவே வினைபுரிகின்றன.
4. வாயுவே அல்லாதவை. ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கில் உதிரும் தோல் செதில்கள், நடந்து வந்த பாதையில் காலணி விட்டுச் சென்ற தடம், கை பட்ட கிளை. பரணில் தொங்கும் இயந்திரம் இவற்றின் பக்கம் போவதே இல்லை.

நாள்பட்ட காலுறையின் நாற்றத்துக்குக் காரணமான ஐசோவலெரிக் அமிலம் மூன்றாவது வகையில் இருக்கிறது. மனித உடல் நாற்றம் என்று நாம் அறியும் வாடைகளில் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

## அடர்த்தியும் நேரமும்: ஒரு கணக்கு

எந்த வேதிவினைக்கும் இரண்டு தேவைகள்: போதிய அடர்த்தி, போதிய நேரம். திறந்த வெளியில் இரண்டுமே கிடைப்பதில்லை. இதை எண்களில் பார்ப்பது நல்லது.

முதலில் அடர்த்தி. ஓர் இயந்திரம் மணிக்கு 200 மில்லிகிராம் ஓசோன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதமான காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. வேட்டைக்காரரின் உடலைத் தழுவிப் போகும் காற்றின் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர் என்றால், நொடிக்கு 4 கன மீட்டர் காற்று கடந்து போகிறது. அந்த ஓசோன் முழுவதும் அந்தக் காற்றில் சீராகக் கலந்தாலும் கிடைக்கும் அடர்த்தி, நூறு கோடிப் பங்கில் ஏறத்தாழ 7 பங்கு மட்டுமே. இந்த அளவையைச் சுருக்கமாகப் பிபிபி என்பார்கள். ஆயிரம் பிபிபி சேர்ந்தது ஒரு பிபிஎம். நாட்டுப்புறத்தில் பகல் நேரத்தில் இயல்பாகவே 30 முதல் 40 பிபிபி ஓசோன் காற்றில் இருப்பது சாதாரணம். அதாவது இயந்திரம் சேர்ப்பதைப் போலச் சில மடங்கு ஓசோன் அந்தக் காட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஓசோனுக்கு நடுவில்தான் மான்கள் மனிதரை நாள்தோறும் மோப்பம் பிடித்துக் கொண்டிருக்கின்றன. இயந்திரத்தின் திறனை ஐந்து மடங்காக்கி மணிக்கு 1000 மில்லிகிராம் என்று கொண்டாலும் சுமார் 35 பிபிபிதான் சேரும். இது பரணை ஒட்டிய கணக்கு. காற்று மான் நிற்கும் இடத்தை அடைவதற்குள் வாடைக் கூம்பு அகன்று ஓசோன் மேலும் நீர்த்துவிடும்.

இனி நேரம். இயந்திரத்துக்கு மிகச் சாதகமாக, வழி முழுவதும் ஓசோன் 1 பிபிஎம் அளவில் இருப்பதாகவே கொள்வோம். மேலே முதலில் கண்ட 7 பிபிபி அளவைப் போல நூறு மடங்குக்கும் மேல் இது. 50 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை அடையக் காற்றுக்கு 25 நொடி ஆகும். ஆய்வகங்களில் அளக்கப்பட்ட வினைவேகத்தின்படி, அந்த அடர்த்தியில் ஐசோப்ரீனின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 50 நிமிடம். 25 நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட அழியாது. ஓசோனோடு விரைந்து வினைபுரியும் 6-மெத்தில்-5-ஹெப்டீன்-2-ஓன் என்ற தோல் வாடைச் சேர்மத்தை எடுத்துக்கொண்டால், அதே 25 நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அழியும். ஐந்தில் நான்கு பங்கு அப்படியே மானை அடையும். இயல்பான 40 பிபிபி அளவுக்கு இறங்கினால் இதிலும் நூற்றில் ஒரு பங்கே அழியும். அசிட்டோன், ஐசோவலெரிக் அமிலம் ஆகியவற்றுக்குக் கணக்குப் போடவே தேவையில்லை. இந்த எண்கள் அறை வெப்பநிலைக்கானவை. நவம்பர் மாதக் காலைக் குளிரில் வினைகள் இன்னும் சற்று மந்தமாகும்.

இயந்திரத்தின் வாயருகே அடர்த்தி மிக அதிகம் என்று ஆதரவாளர்கள் சுட்டுவது உண்மைதான். ஆனால் அந்தச் செறிவான தாரையில் வாடை மூலக்கூறு தங்குவது ஒரு நொடியோ அதற்கும் குறைவோ. 10 பிபிஎம் ஓசோனுக்குள் ஒரு நொடி இருந்தாலும் மேற்சொன்ன வேகமான சேர்மத்தில் பத்தில் ஒரு பங்குதான் அழிகிறது. ஓசோன் காற்றைவிடக் கனமானது என்பதால் கீழிறங்கி வாடையின் மேல் போர்வையாகப் படியும் என்ற விளக்கமும் அடிக்கடி தரப்படுகிறது. தூய ஓசோன் காற்றைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது என்பது சரியே. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்காகக் கலந்துவிட்ட ஓசோன் காற்றோடு காற்றாகத்தான் போகும். அதைத் தனியே கீழே இழுக்கும் அளவுக்கு அந்தக் கலவையின் கனத்தில் வேறுபாடு எதுவும் இல்லை.

## தோலில் பட்டால் பிறக்கும் புதிய வாடை

ஓசோன் வேகமாக வினைபுரியும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: மனிதத் தோலும், தோலின் எண்ணெய் ஊறிய உடையும். ஆனால் அங்கே நடப்பது வாடை அழிவு அன்று, வாடை உற்பத்தி.

ஸ்குவாலீன் கனமான எண்ணெய். எளிதில் ஆவியாகாது, எனவே அதற்கென்று பெரிய வாடை இல்லை. ஓசோன் அதைப் பிளக்கும்போது அசிட்டோன், 6-மெத்தில்-5-ஹெப்டீன்-2-ஓன், ஜெரனைல் அசிட்டோன் போன்ற சிறிய, எளிதில் ஆவியாகும் துண்டுகள் கிடைக்கின்றன. தோலின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து டெக்கானல் என்ற ஆல்டிஹைடு வருகிறது. ஆர்மின் விஸ்தாலரும் சார்ல்ஸ் வெஷ்லரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் இருக்கும் அறைக்குள் ஓசோன் வந்தால் இந்தச் சேர்மங்கள் எழுவதை நேரடியாக அளந்து காட்டியது.

இவை வெறும் வேதியியல் பெயர்கள் அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு, விலங்குகளை விட்டு மனிதரைத் தேடி வருவதற்கு உதவும் வாடைகளில் ஒன்று இதே 6-மெத்தில்-5-ஹெப்டீன்-2-ஓன் என்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொசுவுக்குப் பொருந்துவது மானுக்கும் பொருந்தும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் மனிதருக்கே உரிய அடையாளமாக இன்னோர் உயிரினம் பயன்படுத்தும் சேர்மத்தை ஓசோன் நம் தோலிலிருந்து கூடுதலாக எழுப்புகிறது என்பது, மனித வாடையை அது அழிக்கிறது என்ற விளம்பர வாக்கோடு ஒத்துப்போகவில்லை. தலைக்கு மேல் மாட்டிய இயந்திரத்தின் ஓசோன் வேட்டைக்காரரின் முகத்திலும் கழுத்திலும் இறங்கினால் நடப்பது இதுதான்.

## மூடிய பெட்டிக்குள் நிலைமை வேறு

ஓசோனால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோனைப் பயன்படுத்தியது. இன்று உலகெங்கும் பெரிய நீர் நிலையங்கள் அதையே செய்கின்றன. அங்கே ஓசோனும் நீரும் மூடிய தொட்டியில் நிமிடக்கணக்கில் ஒன்றாக இருக்கின்றன. தீ விபத்துக்குள்ளான வீட்டின் புகைநாற்றத்தைப் போக்க, ஆட்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியேற்றிவிட்டு, மணிக்கணக்கில் உயர் அடர்த்தி ஓசோனை நிரப்பி வைப்பார்கள்.

வேட்டை உடைகளுக்கான ஓசோன் பைகளும் பெட்டிகளும் இந்த வகையில் சேரும். மூடிய பைக்குள் அரை மணி நேரம் என்றால் அடர்த்தியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. துணியிலுள்ள பாக்டீரியாக்கள் குறையும். எண்ணெய்ப் பசையில் ஒரு பகுதி உடையும். அப்போதும் ஐசோவலெரிக் அமிலம் போன்றவை தங்கிவிடும். உடைந்த எண்ணெயிலிருந்து வந்த ஆல்டிஹைடுகளின் நெடியும் துணியில் இருக்கும். எனவே மணமில்லாத சோப்பில் துவைத்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்திய துணியைவிட அது மேலானது என்று கொள்ள வேதியியலில் காரணம் தெரியவில்லை. அந்த உடையை அணிந்த மறுகணமே உடல் மீண்டும் வாடை விடத் தொடங்கிவிடுகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

## "கண்ணெதிரே பலித்ததே" என்பவர்களுக்கு

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று போகும் பக்கத்திலிருந்து வந்த மான் மிரளாமல் நின்றதைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மான் மிரளாமல் இருந்ததற்கு வேறு காரணங்கள் பல உண்டு:

1. காலையில் வெயில் ஏறும்போது சூடான காற்று மேலெழும்புகிறது. 5, 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து கிளம்பும் வாடை அதோடு சேர்ந்து மானின் தலைக்கு மேலாகப் போய்விடலாம்.
2. வாடை இழைகளாகப் போவதால், சில நிமிடங்கள் மானின் மூக்கில் ஓர் இழையும் படாமலே இருக்கலாம்.
3. பண்ணைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அருகே வாழும் மான்கள் மனித வாடைக்கு ஓரளவு பழகியவை.
4. இணைசேரும் பருவமான நவம்பரில் ஆண் மான்கள் பெண் மானின் தடத்தில் மூழ்கி, மற்ற வாடைகளைப் பொருட்படுத்தாமல் போவதுண்டு.

இயந்திரம் இல்லாதபோதும் இவை எல்லாம் நடக்கின்றன. ஆனால் இயந்திரம் இருக்கும் நாளில் நடந்தால் பெருமை அதற்குப் போய்ச் சேர்கிறது. மான் மிரண்டு ஓடிய நாளில், பேட்டரி தீர்ந்திருக்கும், கோணம் தவறியிருக்கும் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. இதைத் தீர்க்க எளிய வழி உண்டு. ஓசோன் வெளிவரும் இயந்திரம் ஒன்று, அதே ஓசையுடன் விசிறி மட்டும் சுழலும் இயந்திரம் ஒன்று. எது எதுவென்று பரணில் இருப்பவருக்கும் மானைக் கவனித்துக் குறிப்பவருக்கும் தெரியக் கூடாது. ஒரு பருவம் முழுவதும் பல இடங்களில் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி வைத்து, காற்று போகும் பக்கத்திலிருந்து வந்த மான்களின் நடத்தையைப் பதிந்தால் விடை கிடைத்துவிடும். சில நூறு டாலர் விலையில் ஒரு பொருளை விற்பவர்கள் இத்தகைய சோதனையின் முடிவைக் காட்ட வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்பது நியாயமானதே.

வாடை தடுக்கும் பொருள்களைப் பற்றிய சர்ச்சை ஓசோனோடு தொடங்கியதும் அன்று. வாடையை உறிஞ்சும்படி பதப்படுத்திய கரி கலந்த உடைகளின் விளம்பரங்களை எதிர்த்து மின்னசோட்டா வேட்டைக்காரர்கள் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் முக்கியமான தீர்ப்பை அளித்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதற்கு முன்பே, 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கரி உடை அணிந்து ஒளிந்தவர்களையும் தேடல் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன.

## நுரையீரலுக்கு நேரும் கேடு

மானின் மூக்கு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மனித நுரையீரல் விஷயத்தில் இல்லை. ஓசோன் மூச்சுக் குழாய்களின் உட்சுவரை எரிச்சலூட்டி வீங்கச் செய்கிறது. இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைத் தூண்டுகிறது. அமெரிக்காவில் பணியிடங்களுக்கான வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.1 பிபிஎம். வெளிக்காற்றுக்கான தரம் 2015 முதல் 0.070 பிபிஎம். வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வெளியிடும் ஓசோன் 0.050 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்பது கலிஃபோர்னியாவின் விதி. உடல்நலத் தரங்களுக்கு உட்பட்ட அடர்த்தியில் ஓசோனுக்குக் காற்றிலுள்ள மாசுகளை நீக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. வாடையை விரைந்து அழிக்கும் அளவுக்கு ஓசோன் இருக்கும் இடத்தில் மனிதர் இருக்கக் கூடாது என்பது இதன் நேரடிப் பொருள்.

திறந்த மரப்பரணில் காற்று வீசிக்கொண்டிருந்தால் ஆபத்து குறைவு. உண்மையான அபாயம் மூடிய இடங்களில் இருக்கிறது.

1. தரையில் விரிக்கும் மறைவுக் கூடாரம். நீளமும் அகலமும் 1.8 மீட்டர், உயரம் 2 மீட்டர் உள்ள கூடாரத்தின் கொள்ளளவு சுமார் 6.5 கன மீட்டர். மணிக்கு 200 மில்லிகிராம் தரும் இயந்திரத்தை அதற்குள் ஓடவிட்டு எல்லாச் சாளரங்களையும் மூடினால், 0.1 பிபிஎம் அளவை எட்ட அரை நிமிடம்கூடத் தேவைப்படாது. துணிச் சுவரும் உடையும் ஓசோனில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். காற்றும் ஓரளவு கசியும். ஆனாலும் உள்ளே மணிக்கணக்கில் உட்காரும் ஒருவர் அதை நம்பி இருக்கக் கூடாது.
2. வண்டி. காட்டுக்குப் போகும் வழியிலேயே உடையின் வாடையைப் போக்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் காருக்குள் ஓசோன் பையைத் திறந்த நிலையில் இயக்குவது மிகத் தவறு. இயக்கிய பிறகு கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டே ஏற வேண்டும்.
3. மூக்கை நம்புவது. ஓசோன் நெடியை மூக்கு முதலில் உடனே உணரும். சிறிது நேரத்தில் பழகிவிடும். நெடி தெரியவில்லை என்பது அளவு குறைந்ததற்கு அடையாளம் ஆகாது.
4. ரப்பர் பொருள்கள். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. இழுவிசையில் இருக்கும் ரப்பரை ஓசோன் குறுக்குவாக்கில் வெடிக்கச் செய்யும். ரப்பர் பூட்ஸ், இடுப்பு எலாஸ்டிக், தொலைநோக்கியின் ரப்பர் உறை ஆகியவற்றை மீண்டும் மீண்டும் ஓசோன் பெட்டியில் வைத்தால் ஆயுள் குறையும். பரணில் உயிரைக் காக்கும் பாதுகாப்புப் பட்டையைத் தயாரிப்பாளரின் கையேடு தெளிவாக அனுமதித்தால் ஒழிய அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஏற்கெனவே வைத்துப் பழகியவர்கள் பருவம் தொடங்குவதற்கு முன் அதன் தையலையும் பட்டையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, சாயம் வெளுத்தோ இழை தேய்ந்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும்.